மலையோர மருத்துவமனைக்கு ஏற்ற கணினிவழி எக்ஸ்-ரேக் கருவியைத் தேர்ந்தெடுத்தல்

கேரளத்தின் பாலக்காடு, இடுக்கி ஆகிய இரு மாவட்டங்களின் கிழக்கெல்லை, தமிழ்நாட்டின் நீலகிரி, கோயம்புத்தூர், திருப்பூர், திண்டுக்கல், தேனி மாவட்டங்களைத் தொட்டுச் செல்கின்றது. அட்டப்பாடி மலைச்சரிவுகள், வாளையார் முதல் கோவிந்தாபுரம் வரையுள்ள சமவெளிக் கிராமங்கள், நெல்லியாம்பதி, பரம்பிக்குளம், மறையூர், மூணாறு, பீர்மேடு, குமுளி ஆகியவை இவ்வெல்லையை ஒட்டியவை. தமிழ் பேசும் தோட்டத் தொழிலாளரும் வேளாண் மக்களும், இருளர், முதுவர் முதலிய பழங்குடியினரும் இங்கு மிகுதியாக வாழ்கின்றனர்.

இப்பகுதியில் ஓர் எக்ஸ்-ரேப் படம் எடுப்பதற்காக ஒருவர் மலையிறங்கிச் செல்ல நேர்ந்தால், அவர் ஒரு நாட் கூலியை இழப்பதோடு பேருந்துச் செலவையும் ஏற்கவேண்டும். பரம்பிக்குளத்திலிருந்து பாலக்காட்டுக்கு வருவோர், சாலைவழியே தமிழ்நாட்டுக்குள் இறங்கிச் சுற்றியே வரவேண்டியுள்ளது. இத்தகைய நிலையில் பலர் படமெடுப்பதைத் தள்ளிப்போடுவது இயல்பு. நோய் அதற்குள் முற்றிவிடும். காசநோயாயின் வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் பரவிவிடும். ஆகவே, மக்கள் வாழுமிடத்திற்கு அருகிலுள்ள சிறு மருத்துவமனைகளில் தரமான எக்ஸ்-ரே வசதி அமைவது இன்றியமையாதது.

அவ்வசதியை அமைக்க முற்படும் மருத்துவர், ஊராட்சி உறுப்பினர், தோட்ட நிர்வாகத்தினர் ஆகியோர் முன் இன்று மூன்று வழிகள் உள்ளன: பழைய பிலிம் முறை, சி.ஆர். எனப்படும் கணினிவழிப் படமெடுப்பு, டி.ஆர். எனப்படும் நேரடி எண்முறைப் படமெடுப்பு. இவற்றுள் எதனை, எவ்வாறு தேர்ந்தெடுப்பது என்பதை இக்கட்டுரை விளக்குகின்றது.

இப்பகுதியின் நோய்களும் எக்ஸ்-ரேயும்

கருவியைப் பற்றி ஆராயுமுன், அதனால் நிறைவேறவேண்டிய பணி யாது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளல் வேண்டும்.

முதலாவது காசநோய். 1955 முதல் 1958 வரை நம் நாட்டில் நடைபெற்ற காசநோய் மாதிரிக் கணக்கெடுப்பில், வண்டிகளில் ஏற்றிச் செல்லப்பட்ட எக்ஸ்-ரேக் கருவிகளே சிறு பிலிம்களில் மார்புப் படங்களைப் பதிவு செய்தன. சென்னையில் 1956-இல் தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை நிலையம், நோயாளிகளை வீட்டிலேயே வைத்துக் குணப்படுத்தலாம் என்பதை 1959-இல் உலகுக்கு எடுத்துக்காட்டியது. அந்நிலையமே இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குகின்றது. 2019 முதல் 2021 வரை அதன் தலைமையில் நடந்த தேசியக் கணக்கெடுப்பு ஒரு முக்கியமான உண்மையை வெளிப்படுத்தியது. இருமல், காய்ச்சல் போன்ற அறிகுறிகளை மட்டும் கேட்டறிந்து, மார்பு எக்ஸ்-ரே எடுக்காமல் விட்டிருந்தால், கண்டறியப்பட்ட நோயாளிகளில் 42.6 விழுக்காட்டினர் தவறிப் போயிருப்பர். நூறு பேரில் நாற்பதுக்கும் மேற்பட்டோர், தமக்கு நோயுண்டு என்பதை அறியாமலே நடமாடுபவர் என்பது இதன் பொருள்.

இரண்டாவது, அட்டப்பாடிப் பழங்குடியினரிடையே காணப்படும் அரிவாள்செல் இரத்தசோகை. இந்நோயுடையோரின் தொடையெலும்பின் தலைப்பகுதி இரத்த ஓட்டமின்றிச் சிதைவுறலாம். நுரையீரலிலும் திடீர்க் கோளாறுகள் தோன்றலாம். இவர்களுக்கு இளவயது முதலே பலமுறை எக்ஸ்-ரே எடுக்க நேரிடும். எனவே ஒவ்வொரு படத்திலும் உடலிற் படும் கதிரின் அளவு குறைந்திருத்தல் இவர்களுக்கு மற்றெவரைக் காட்டிலும் முக்கியமானது.

மூன்றாவது ஃபுளோரோசிஸ். பாலக்காட்டின் கிழக்குப் பகுதியில் சித்தூர், கொழிஞ்சாம்பாறை வட்டாரங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த இடங்கள் உள்ளன. அந்நீரை நெடுங்காலம் பருகுவோரின் எலும்புகள் இறுகித் தடிக்கின்றன. முன்கையின் இரு எலும்புகளுக்கிடையே உள்ள சவ்வு சுண்ணமேறியிருப்பதை எக்ஸ்-ரேப் படத்தில் காணலாம். அந்நுண்ணிய அடையாளத்தைக் காணப் படம் கூர்மையாக இருத்தல் வேண்டும். இவற்றோடு தேயிலைச் சரிவுகளிலும் மலைச் சாலைகளிலும் நேரும் எலும்பு முறிவுகளையும் சேர்த்துக்கொள்க.

பிலிமும் தகடும் செயற்படும் விதம்

1895-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 8-ஆம் நாள் ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். அதன் பின் ஏறக்குறைய நூறாண்டுகள் வரை படத்தைத் தாங்கும் பொருளாக விளங்கியது வெள்ளியுப்புப் பூசப்பட்ட பிலிமே. நம் எல்லைக்கு அருகில் உதகமண்டலத்தில் 1960-இல் நிறுவப்பெற்ற இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்னும் அரசுத் தொழிற்சாலையும் எக்ஸ்-ரே பிலிம்களைத் தயாரித்து நாடெங்கும் அனுப்பிவந்தது. இன்று அத்தொழிற்சாலை இயங்கவில்லை.

பிலிம் முறைக்கு இருட்டறை, உருத்துலக்கும் நீர், நிலைநிறுத்தும் நீர் ஆகியவை தேவை. உருத்துலக்கும் நீரின் வெப்பநிலை மாறினால் படத்தின் தன்மையும் மாறும். மூணாற்றின் சனவரிக் குளிரில் நீர் சில்லிட்டுப்போவதால் படம் வெளிறும். சித்தூரின் சித்திரை வெயிலில் நீர் சூடேறுவதால் படம் கருத்து மங்கும். பயன்படுத்திய நிலைநிறுத்தும் நீரில் வெள்ளி கரைந்திருப்பதால் அதனை ஓடையில் கொட்டுவதும் தகாது. இத்தொல்லைகளை நீக்கியதே கணினிவழி முறையின் முதற் பயன்.

சி.ஆர். முறையில் பிலிமுக்குப் பதிலாக ஒளிர்பொருள் பூசிய தகடு ஒன்று கேசட்டினுள் வைக்கப்படுகின்றது. யூரோப்பியம் சிறிதளவு கலந்த பேரியம் ஃபுளோரோஹாலைடு என்னும் படிகமே பெரும்பாலும் அப்பூச்சில் உள்ளது. எக்ஸ் கதிர்கள் இதன்மேல் விழும்போது எலெக்ட்ரான்கள் தம் இடத்தினின்றும் பெயர்ந்து, படிகத்திலுள்ள சிறு குழிகளிற் சிக்கிக்கொள்கின்றன. அறுவடை நெல் குதிரில் அடைபட்டிருப்பதுபோல், கதிரின் ஆற்றல் தகட்டில் அடைபட்டிருக்கின்றது எனலாம். பின்னர் படிக்கும் கருவியினுள் சிவப்பு லேசர்க் கதிர் தகட்டின்மேல் வரிவரியாகச் செல்லும். அது பட்ட இடத்தில் அடைபட்ட எலெக்ட்ரான்கள் விடுபட்டு, நீல நிற ஒளியை வெளியிடும். அவ்வொளியை மின் துடிப்பாக மாற்றி, எண்களாக்கிக் கணினி படமாக வரைகின்றது. இறுதியில் பிரகாசமான வெண்ணொளியைப் பாய்ச்சித் தகட்டில் எஞ்சியிருப்பதை அழித்துவிட்டால், அதே தகட்டை மீண்டும் பயன்படுத்தலாம். ஜப்பானின் ஃபியூஜி நிறுவனம் இம்முறையை 1980-களின் தொடக்கத்தில் நடைமுறைக்குக் கொணர்ந்தது.

ஆசிரியர்கள் இதனை மாணவர்க்கு விளக்க எளிய வழி ஒன்றுண்டு. இருளில் ஒளிரும் நட்சத்திர ஒட்டுப்படத்தை விளக்கொளியில் காட்டிப் பின் இருளில் வைத்தால், அது தான் வாங்கிய ஆற்றலை மெல்ல மெல்ல வெளியிடும். சி.ஆர். தகடோ லேசர் வரும்வரை பெரும்பகுதியைக் காத்து வைத்திருக்கும். எனினும் அதுவும் முற்றிலும் காப்பதில்லை. எட்டு மணி நேரத்தில் ஏறக்குறைய காற்பங்கு குறைந்துபோகும். ஆகவே படமெடுத்த தகட்டைத் தாமதமின்றிப் படிப்பது நன்று.

டி.ஆர். முறையில் தகடும் படிக்கும் கருவியும் ஒன்றாகவே அமைந்துள்ளன. எக்ஸ் கதிர் விழுந்த சில வினாடிகளில் படம் திரையில் தோன்றுகின்றது. கேசட்டைச் சுமந்து செல்வதும் படிப்பதற்குக் காத்திருப்பதும் இல்லை. கதிரைப் பற்றிக்கொள்ளும் திறன் மிகுதியாதலால், நல்ல டி.ஆர். தகடு, சாதாரண சி.ஆர். தகட்டுக்கு வேண்டிய கதிரில் ஏறத்தாழப் பாதியளவிலேயே அதே தரமுள்ள படத்தைத் தரவல்லது.

மூன்றில் எது ஏற்றது?

உலகம் டி.ஆர். முறையை நோக்கிச் செல்கின்றது என்பதில் ஐயமில்லை. அமெரிக்காவின் மெடிகேர் திட்டம், சி.ஆர். முறையில் எடுத்த படங்களுக்குரிய கட்டணத்தில் 2018 முதல் 7 விழுக்காட்டையும், 2023 முதல் 10 விழுக்காட்டையும் குறைத்துத் தருகின்றது. மருத்துவமனைகளைப் புதிய முறைக்குத் திருப்புவதே இதன் நோக்கம்.

ஆயினும் நம் எல்லைப் பகுதியின் சிறு மருத்துவமனைக்கு விடை அவ்வளவு எளிதன்று. நல்ல நிலையிலுள்ள எக்ஸ்-ரே இயந்திரம் ஏற்கனவே இருந்து, நாளொன்றுக்குச் சில பத்துப் படங்களே எடுக்கப்படுமாயின், சி.ஆர். இன்றும் பொருத்தமானதே. அவ்வியந்திரத்தை மாற்றவேண்டியதில்லை, பழைய பிலிம் கேசட்டின் இடத்தில் புதிய கேசட் பொருந்திவிடும். ஒரு தகடு கீழே விழுந்து கெட்டாலும் மற்றொன்று பணியைத் தொடரும். டி.ஆர். தகடு ஒன்றே இருந்து அது விழுந்து உடைந்தால், அன்றே பணி நின்றுவிடும். புதிதாக வாங்கும் செலவும் பெரிது.

நோயாளிகள் மிகுதியாக வரும் வட்ட மருத்துவமனைக்கும், குழந்தைகளுக்கு அடிக்கடி படமெடுக்கும் மருத்துவமனைக்கும் டி.ஆர். முறையே சிறந்தது. பழைய இயந்திரத்தோடு டி.ஆர். தகட்டை மட்டும் இணைக்கும் வழியும் உண்டாதலால், சி.ஆர். வாங்க விலைப்பட்டியல் கேட்கும்போது அதற்கும் உடன் கேட்டு ஒப்பிடவேண்டும். எடமலைக்குடி போன்ற காட்டூர்களுக்குச் சென்று முகாம் நடத்த இவ்விரண்டினும் கையடக்க எக்ஸ்-ரேக் கருவியே ஏற்றது. 2024 டிசம்பர் 7-ஆம் நாள் தொடங்கிய நூறு நாள் காசநோய் ஒழிப்பு இயக்கத்தில் இத்தகைய கருவிகள் பயன்பட்டன. சி.ஆர். முறை அறைக்குள் அமைத்துப் பயன்படுத்துவதற்கே உரியது.

வாங்குமுன் கருதவேண்டியவை

வேகம்: ஒரு நாளில் 30 நோயாளிகள் வருவதாகவும், ஒருவருக்குச் சராசரி ஒன்றரைப் படம் எடுப்பதாகவும் கொள்வோம். மொத்தம் 45 தகடுகள். ஒரு தகட்டைப் படித்து அழிக்க ஒன்றரை நிமிடம் ஆகுமாயின், நாள் முழுதும் கருவி உழைப்பது ஏறக்குறைய 68 நிமிடமே. ஆகவே மிக விரைவான கருவிக்கு மிகுந்த விலை கொடுக்கவேண்டியதில்லை. அச்செலவைக் கூடுதல் தகடுகளில் இடுவது அறிவுடைமை.

தகடுகளின் அளவு: மார்புக்கு 35 க்கு 43 சென்டிமீட்டர், கை கால்களுக்கு 24 க்கு 30, குழந்தைகளுக்கு 18 க்கு 24 என்னும் அளவுகள் வழக்கில் உள்ளன. ஒவ்வோர் அளவிலும் இரண்டேனும் வேண்டும். குழந்தையின் கைக்குப் பெரிய தகட்டைப் பயன்படுத்துவதால், தேவையற்ற பகுதிக்கும் கதிர் படுமாறு புலத்தை அகலத் திறந்துவைக்கும் பழக்கம் வந்துவிடும்.

கூர்மை: படம் சிறு சிறு புள்ளிகளால் ஆனது. புள்ளியின் அளவு 0.2 மில்லிமீட்டராயின், ஒரு மில்லிமீட்டரில் அதிகப்பட்சம் இரண்டரை இணைக்கோடுகளைப் பிரித்துக் காணலாம், 0.1 மில்லிமீட்டராயின் ஐந்து. மார்புக்கு முதலது பெரும்பாலும் போதும். மேற்கூறிய முன்கைச் சவ்வு, விரலெலும்பின் மயிரிழைப் பிளவு ஆகியவற்றுக்கு இரண்டாவது வேண்டும். மார்பகப் படத்துக்கு இதனினும் கூர்மை வேண்டுமாதலால், பொதுவான சி.ஆர். கருவியை அதற்குப் பயன்படுத்தலாகாது.

சேமிப்பு: 0.2 மில்லிமீட்டர்ப் புள்ளியில் ஒரு மார்புப் படம் ஏறக்குறைய 1,750 க்கு 2,150 புள்ளிகள் கொண்டது. புள்ளிக்கு இரண்டு பைட்டு வீதம் ஏழரை மெகாபைட்டு ஆகும். நாளுக்கு 45 படங்கள் வீதம் ஆண்டுக்கு 300 நாட்களுக்கு ஏறத்தாழ 100 கிகாபைட்டு சேரும். 0.1 மில்லிமீட்டராயின் இதனினும் நான்கு மடங்கு. இன்றைய சாதாரண வன்தட்டுக்கே இது எளிது. எனினும் ஒரு பிரதியைத் தனியிடத்திற் காப்பது அவசியம். படங்கள் டைகாம் என்னும் பொது வடிவத்திற் சேமிக்கப்படுதல் வேண்டும். விற்பவரின் சொந்த வடிவத்தில் மட்டும் சேமிக்கும் கருவியை ஏற்கலாகாது. கோயம்புத்தூரிலோ திருச்சூரிலோ உள்ள எக்ஸ்-ரே வல்லுநருக்குப் படத்தை அனுப்பிக் கருத்துப் பெறுவதற்கு இவ்வடிவமே துணைசெய்யும். திரையைக் கைபேசியிற் படம் பிடித்து அனுப்பினால் நுண்விவரங்கள் அழிந்துவிடும். நோயாளியின் அந்தரங்கமும் காக்கப்படாது.

மின்சாரம்: மழைக்காலத்தில் மலைப்பகுதிகளில் மின்னழுத்தம் ஏறியிறங்குவதும் மின்தடை ஏற்படுவதும் உண்டு. படிக்கும் கருவிக்கும் கணினிக்கும் தேவையான மின்திறன் குறைவே, ஒரு யு.பி.எஸ். அதனைத் தாங்கும். ஆனால் எக்ஸ்-ரே இயந்திரத்தின் கதை வேறு. 80 கிலோவோல்ட்டில் 300 மில்லி ஆம்பியர் செலுத்தும்போது, நொடிப்பொழுதுக்கு 17 முதல் 24 கிலோவாட் வரை தேவைப்படும். வரும் மின்சாரம் அதற்குப் போதாவிடின் கதிரின் வலிமை குன்றும். சி.ஆர். வாங்குவதால் இக்குறை தீர்ந்துவிடாது. எனவே முதலில் மின்னிணைப்பையும் எக்ஸ்-ரே இயந்திரத்தையும் சோதித்துச் சீர்செய்த பின்னரே சி.ஆர். கருவிக்கு ஆணையிடவேண்டும்.

ஈரமும் தூசியும்: ஒளிர்பொருள் ஈரத்தால் கெடக்கூடியது. கருவியினுள் ஒளி செல்லும் பாதையில் தூசி படிந்தால், படத்தின் குறுக்கே வெண்கோடுகள் தோன்றும். சுவரில் ஈரம் கசியும் அறையிலும், கேசட்டுகளைத் தரையில் அடுக்கி வைக்கும் இடத்திலும் இக்கருவி நீடித்து உழைக்காது.

பழுதுபார்த்தல்: கருவி பழுதானால் ஊழியர் எங்கிருந்து வருவார், எத்தனை நாளில் வருவார், அதுவரை மாற்றுக் கருவி தருவாரா என்பனவற்றை எழுத்து வடிவில் பெறவேண்டும். உதிரிப்பாகங்கள் இன்னும் எத்தனை ஆண்டு கிடைக்கும் என்பதையும் கேட்கவேண்டும். பல நாடுகள் சி.ஆர். முறையை விட்டு விலகிவருவதால் இக்கேள்விக்கு இன்று முன்னினும் மதிப்பு அதிகம். பிறர் பயன்படுத்திய கருவியை வாங்குவோர், தகடுகளில் கீறலும் ஓரங்களில் வெடிப்பும் உண்டா என்பதையும், மென்பொருளின் உரிமம் தம் பெயருக்கு மாற்றப்படுமா என்பதையும் பார்த்தல் வேண்டும்.

செலவு: விலையை மட்டும் ஒப்பிடாமல் ஒரு படத்துக்கு ஆகும் செலவை ஒப்பிடுதல் வேண்டும். கணக்குக்காக ஒரு கருவியின் விலை 4 லட்சம் ரூபாய், ஆயுள் 7 ஆண்டு, ஆண்டுப் பராமரிப்பு 40,000 ரூபாய் எனக் கொள்வோம். ஆண்டுச் செலவு ஏறத்தாழ 97,000 ரூபாய். ஆண்டுக்கு 6,000 படம் எடுத்தால் படத்துக்கு 16 ரூபாய். 1,200 படமே எடுத்தால் 81 ரூபாய். இதன்மேல் அச்சிடும் பிலிமின் விலையும் சேரும். அருகருகே உள்ள இரு சிறு மருத்துவமனைகள் தனித்தனியே வாங்குவதினும், ஒன்றில் அமைத்து இரண்டும் பயன்படுத்துவது மேல் என்பது இதனால் விளங்கும்.

மறைந்து வளரும் கதிரளவு

இக்கருவியால் நேரக்கூடிய மிகப் பெரிய தீங்கு கண்ணுக்குப் புலப்படாதது. ஆதலின் இதனைச் சற்று விரிவாகக் கூறுதல் வேண்டும்.

பிலிமில் கதிர் குறைந்தால் படம் வெளிறும், மிகுந்தால் கருக்கும். பிழை உடனே தெரிந்துவிடும். சி.ஆர். தகடோ ஒன்றுக்குப் பதினாயிரம் என்னும் விரிந்த எல்லைக்குள் விழும் கதிரையெல்லாம் பதிவு செய்யும். பின்னர் கணினி படத்தின் ஒளியைத் தானே சீராக்கிக் காட்டிவிடும். கதிர் குறைந்திருந்தால் படம் மணல் தூவினாற்போல் தோன்றும். அதனைக் கண்டு மருத்துவர் குறை கூறுவார். கதிர் மிகுந்திருந்தாலோ படம் இன்னும் அழகாக இருக்கும். யாரும் குறை கூறார். ஆகவே படமெடுப்பவர் தம்மை அறியாமலே நாளுக்கு நாள் கதிரைக் கூட்டிச் செல்வார். இரண்டு மடங்கு கதிர் பெற்ற குழந்தையின் படத்தை மட்டும் பார்த்து அதனைக் கண்டுபிடிக்க யாராலும் இயலாது.

இதற்குக் காவலாக அமைந்ததே கதிர்ப்பதிவு எண். ஒவ்வொரு படத்தோடும் தகட்டிற் பட்ட கதிரின் அளவைக் கருவி ஓர் எண்ணாகக் காட்டும். முன்பு ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு வகையில் இதனைக் குறித்தது. ஃபியூஜியின் பழைய கருவிகளில் எண் குறைந்தால் கதிர் மிகுந்தது என்று பொருள். 200-க்குப் பதில் 100 காட்டினால் கதிர் இருமடங்காகிவிட்டது. வேறு சில நிறுவனங்களின் கருவிகளில் இது நேர்மாறு. இக்குழப்பத்தை நீக்க 2008-இல் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் பொது அளவீட்டை வகுத்தது. அதன்படி, குறிக்கோள் அளவிலிருந்து விலகிய அளவு தனியே காட்டப்படும். பூச்சியம் என்றால் சரியான அளவு. கூட்டல் 3 என்றால் இருமடங்கு. கழித்தல் 3 என்றால் பாதி. இவ்வளவீட்டைக் காட்டும் கருவியையே தேர்ந்தெடுக்கவேண்டும். வாரம் ஒருமுறை இவ்வெண்களைப் பதிவேட்டில் எழுதிப் பார்த்தால், கதிர் மெல்ல உயர்வதை முன்கூட்டியே அறியலாம்.

அளவு பற்றி மக்களிடையே வீண் அச்சமும் வேண்டியதில்லை. ஒரு மார்புப் படத்தால் உடல் பெறும் கதிர் ஏறத்தாழ 0.02 மில்லி சீவர்ட். மண்ணிலிருந்தும் வானிலிருந்தும் மனிதன் இயற்கையாகப் பெறுவது உலகச் சராசரியில் ஆண்டுக்கு 2.4 மில்லி சீவர்ட். ஆகவே ஒரு மார்புப் படம் மூன்று நாள் இயற்கைக் கதிருக்குச் சமம். இடுப்பு முதுகெலும்புப் படமோ 1.5 மில்லி சீவர்ட் அளவுக்கு வரலாம். அது ஏழெட்டு மாத இயற்கைக் கதிருக்குச் சமம். தேவையான படத்துக்கு அஞ்சலாகாது. தேவையற்ற படத்தை எடுத்தலும் ஆகாது.

சட்டத்தின் தேவைகள்

1983 நவம்பர் 15-ஆம் நாள் நிறுவப்பெற்ற அணுசக்தி ஒழுங்குமுறை வாரியமே நம் நாட்டில் எக்ஸ்-ரேக் கருவிகளுக்கு உரிமம் வழங்குகின்றது. 2004-ஆம் ஆண்டின் அணுசக்திக் கதிர்ப் பாதுகாப்பு விதிகளின்படி உரிமமின்றி எக்ஸ்-ரே இயந்திரத்தை இயக்குதல் கூடாது. வாரியத்தின் ஈ-லோரா என்னும் கணினித் தளத்தில் விண்ணப்பிக்கலாம். இயந்திரம் வாரியத்தால் வகை ஒப்புதல் பெற்றதாக இருத்தல், அறையின் சுவரும் கதவும் போதிய தடுப்பாக அமைதல், தகுதி பெற்றவர் இயக்குதல், ஊழியர் கதிரளவுப் பட்டை அணிதல் ஆகியவை முக்கியமானவை. பணியாளர் பெறும் கதிர், தொடர்ந்த ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லி சீவர்ட்டையும், எந்த ஓராண்டிலும் 30 மில்லி சீவர்ட்டையும் மீறலாகாது. பொதுமக்களுக்கு வரம்பு ஆண்டுக்கு 1 மில்லி சீவர்ட். கேரளத்தில் 2018-ஆம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் பதிவுச் சட்டமும் மருத்துவமனைகளுக்குப் பொருந்தும்.

கருவி வந்த பின்

பணம் முழுவதையும் செலுத்துமுன் சில சோதனைகளைச் செய்து பார்த்தல் வேண்டும். தகடு முழுவதும் சீராகக் கதிர் விழச்செய்து எடுத்த படத்தில் கோடும் கறையும் இன்றிச் சமமான நிறம் இருத்தல் வேண்டும். நுண்ணிய கம்பிவலையைத் தகட்டின்மேல் வைத்து எடுத்த படத்தில் எல்லாக் கட்டங்களும் கோணலின்றித் தெரிதல் வேண்டும். ஈய அளவுகோலை வைத்து எடுத்து, திரையில் அளந்தால் அளவு ஒத்திருத்தல் வேண்டும். கதிரை இருமடங்காக்கினால் பதிவு எண்ணும் அதற்கேற்ப மாறுதல் வேண்டும். மிகுந்த கதிரில் ஒரு நாணயத்தைப் படமெடுத்து, தகட்டை அழித்து, மீண்டும் படித்தால் நாணயத்தின் நிழல் எஞ்சியிருத்தல் கூடாது.

அன்றாடப் பராமரிப்பில் மறவாத விதி ஒன்றுண்டு. சி.ஆர். தகடு சிதறிய கதிரையும் கூர்ந்து பதிக்கும் இயல்புடையது. எனவே கேசட்டுகளை எக்ஸ்-ரே அறையினுள் வைக்கலாகாது. ஒரு நாளுக்கு மேல் பயன்படாதிருந்த தகட்டை, காலையில் முதலில் அழித்துவிட்டே பயன்படுத்தவேண்டும். பருத்த உடற்பகுதிகளுக்குச் சிதறலைத் தடுக்கும் கிரிட்டைப் பயன்படுத்துக. கிரிட்டின் கோடுகள் படிக்கும் வரிகளோடு இணைந்து அலைக்கோலம் உண்டாக்காததைத் தேர்ந்துகொள்க.

கள ஊழியரும் ஆசிரியரும் ஆற்றக்கூடிய பணி

மருத்துவமனையில் நல்ல கருவி அமைந்துவிட்டாலும் மக்கள் அதனை நாடி வந்தாலன்றிப் பயனில்லை. கள ஊழியர்கள், காசநோயாளியின் குடும்பத்தினரை, இருமல் இல்லாவிடினும், மார்புப் படம் எடுத்துக்கொள்ளுமாறு கூறலாம். படம் சந்தேகத்தை எழுப்புமேயன்றி நோயை உறுதிப்படுத்தாது; கபப் பரிசோதனையே அதனை உறுதி செய்யும் என்பதையும் விளக்கவேண்டும். கணினியே படத்தைப் பார்த்துக் காசநோய்ச் சாயலைக் குறிக்கும் மென்பொருளை, 15 வயதுக்கு மேற்பட்டோருக்குப் பயன்படுத்தலாம் என 2021-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்துள்ளது. அதற்கு இளையோரின் படத்தை மருத்துவரே பார்த்தல் வேண்டும்.

படமெடுக்க வருவோர் கழுத்தணி, தாயத்து, உலோகப் பொத்தான் ஆகியவற்றைக் கழற்றவும், பின்னலைத் தோளின்மேல் விழாது உயர்த்திக் கட்டவும் வேண்டும். எண்ணெய் தோய்ந்த தடித்த பின்னலும் நுரையீரல் உச்சியில் நோய்போன்ற நிழலைத் தரக்கூடும். கருவுற்றிருக்கலாம் என ஐயமுள்ள பெண்கள் அதனை முன்கூட்டியே சொல்லுமாறு, பெண் ஊழியர்கள் தனியே கேட்டறிதல் நன்று. பழைய படங்களை வீட்டில் காத்து வைத்து உடன் கொண்டுவருவது, மீண்டும் படமெடுக்கும் தேவையையும் கதிரையும் ஒருங்கே குறைக்கும். ஆசிரியர்கள் இவற்றை மாணவர் வாயிலாக வீடுகளுக்கு எளிதில் கொண்டு செல்லலாம்.

சுருங்கக் கூறின், முதலில் இப்பகுதியின் நோய்களையும் நோயாளிகளின் எண்ணிக்கையையும் கணக்கிடுக. அடுத்து மின்சாரத்தையும் எக்ஸ்-ரே இயந்திரத்தையும் சீர்செய்க. பின்னர் சி.ஆர்., டி.ஆர். இரண்டின் விலையையும் ஒரு படத்துக்கு ஆகும் செலவாக மாற்றி ஒப்பிடுக. பொதுவடிவத்தில் படத்தைச் சேமிப்பதும், கதிரளவைத் தெளிவாகக் காட்டுவதும், அருகிலிருந்து பழுதுபார்க்கப்படுவதுமான கருவியைக் கொள்க. இவ்வொழுங்கில் அமைந்த ஒரு சிறு அறை, தோட்டத் தொழிலாளியின் ஒரு நாட் கூலியைக் காப்பதோடு, அவர் வீட்டுக் குழந்தைக்கு நோய் தொற்றுமுன் அதனைக் கண்டறியவும் துணைபுரியும்.